கண் தாண்டிப்போன வாக்கியம்

அந்த ஜூன் மாதம் ஹேரானுக்கு யார் கண்ணைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. பிறர் கண்ணைப் பார்ப்பதுதான் அவள் வேலையே என்பதால் தப்பிக்கவும் வழியில்லை. தென்கொரியாவின் தேகு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஓர் அறை அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதில் தாடையை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, எதிரே திரை, திரைக்குக் கீழே கேமரா. படிக்கிறவரின் கண்மணி எந்தச் சொல்லில் நிற்கிறது, எதைத் தாண்டுகிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று நொடிக்கு ஆயிரம் தடவை அந்தக் கேமரா குறித்துக்கொள்ளும். திரையில் நீளமான ஆங்கில வாக்கியம் ஒன்று வரும். பிறகு ஒரு கேள்வி வரும், ஆம் அல்லது இல்லை என்று பொத்தானை அழுத்த வேண்டும். இப்படி எழுபத்திரண்டு வாக்கியம், ஆளுக்கு ஒரு மணி நேரம்.

கொரிய மொழி ஒரு விஷயத்தில் நம்முடையதைப் போலத்தான். 'நேற்று பஸ்ஸைத் தவறவிட்ட நர்ஸ்' என்று கதையை முதலில் சொல்லி, ஆளைப் பின்னால் நிறுத்தும். ஆங்கிலம் நேர்மாறு. நர்ஸை முதலில் கொண்டுவந்து நிறுத்திவிடும். அவள் பஸ்ஸைத் தவறவிட்டது, அந்த பஸ்ஸை ஓட்டியவன் அவள் மச்சான் என்பது எல்லாவற்றையும் வாக்கியத்தின் வயிற்றுக்குள் திணிக்கும். அவள் கடைசியில் என்னதான் செய்தாள் என்பது வால்பக்கத்தில் வரும். இந்த வயிற்றுப் பகுதியில் கொரியக் கண் எங்கே திணறுகிறது, எவ்வளவு நேரம் திணறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஹேரானின் ஆராய்ச்சி. அதற்காக எட்டு வருடம் போயிருந்தது, முப்பத்தாறு வயது ஆகியிருந்தது.

எட்டு வருடம்தான் கெடு. ஜூன் பத்தொன்பதாம் தேதி வாய்மொழித் தேர்வு. அதில் ஐந்து பேராசிரியர்களும் ஒப்புதல் தாளில், கையெழுத்துக்குப் பதிலாக, அவரவர் பெயர் முத்திரையை வைத்தால் அவள் டாக்டர். ஒரு முத்திரை குறைந்தாலும் பதிவு காலாவதியாகிவிடும், அடுத்த அரையாண்டு என்பது கிடையாது. வழிகாட்டிப் பேராசிரியர் நாம்குங் ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். இந்த ஜூனில் பட்டம் இல்லையென்றால் எந்த ஜூனிலும் இல்லை.

நாற்பத்தெட்டுப் பேரைப் படிக்கவைக்க வேண்டும். மே மாதக் கடைசி வரைக்கும் அடித்துப் பிடித்துப் பதினேழு பேர்தான் தேறினார்கள். வந்தவர்கள் செய்த அழும்பு கொஞ்சநஞ்சமா? மை தீட்டிக்கொண்டு வராதீர்கள், கேமரா இமையைக் கண்மணி என்று நினைத்துக்கொள்ளும் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தாள். அத்தனை பெண்களும் கல்யாணத்துக்கு வந்தது போல் மை தீட்டிக்கொண்டு வந்தார்கள். கலர் லென்ஸ் கூடாது என்றால் சாம்பல் நிற லென்ஸ் கலரில் சேராது என்று வாதம். ஒரு பையன் தாங்கியில் தாடையை வைத்த ஆறாவது நிமிடம் தூங்கிப்போனான். எழுப்பிக் கேட்டால், ராத்திரியெல்லாம் படித்தானாம், தாங்கி ரொம்ப வசதியாக இருந்ததாம். பல்கலைக்கழகப் பரீட்சை நெருங்க நெருங்க அந்தத் தூங்குமூஞ்சிகளும் வருவதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு காப்பிக் கூப்பன் என்பதற்கு எவன் வருவான்?

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, ஆனால் அன்றைக்கு அது கடவுளே காதில் வந்து சொன்னது மாதிரி இருந்தது.

படிப்புக்கும் வயிற்றுக்கும் வழி வேண்டுமே. பதினோரு வருடமாக மாலை நேரத்தில் பொமோ பக்கத்துத் தனிப்பயிற்சி நிலையம் ஒன்றில் ஹேரான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். அங்கே படித்துத் தேறிப்போன பிள்ளைகள் சேர்ந்து ஒரு அரட்டைக் குழு வைத்திருந்தார்கள். அதில் ஒரு வரி போட்டாள், டீச்சருக்கு உங்கள் கண் வேண்டும் என்று. ஐந்தே நாளில் முப்பத்தொரு பேர் வந்து சேர்ந்தார்கள். சோங்ஜு ஊர் மஞ்சள் முலாம்பழப் பெட்டியோடு வந்தார்கள், ஐஸ் காப்பியோடு வந்தார்கள், ஒருத்தரும் மை தீட்டவில்லை, ஒருத்தரும் தூங்கவில்லை. கேள்விகளுக்கு விடைகளும் அப்படிச் சரியாக விழுந்தன. பதினேழும் முப்பத்தொன்றும் நாற்பத்தெட்டு. ஹேரான் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டே தன்பாட்டுக்குச் சிரித்தாள்.

சிரிப்பு திங்கட்கிழமை காலை வரைக்கும்தான். பதிவுகளைத் திரையில் ஓடவிட்டாள். கண் நின்ற இடமெல்லாம் பச்சைப் புள்ளி. அதிக நேரம் நின்றால் பெரிய புள்ளி. முதல் பதினேழு பேரின் பதிவு தங்கம். வயிற்றுப் பகுதியில் புள்ளிகள் மொய்த்தன, கண் முன்னால் போனது, திரும்பி வந்தது, திணறியது, எட்டு வருடமாக அவள் சொல்லிவந்ததை அப்படியே செய்து காட்டியது. பதினெட்டாவது ஆளிலிருந்து வேறு கதை. தலையில் ஒரு புள்ளி, வாலில் ஒரு புள்ளி. நடுவில் வெறும் பச்சைக்கோடு. வயிற்றை ஒரே தாவலில் தாண்டியிருந்தார்கள். பத்தொன்பதாவது ஆளும் அப்படி, இருபதாவது ஆளும் அப்படி, கடைசி ஆள் வரைக்கும் அப்படி.

இயந்திரத்தின் மேல்தான் முதல் சந்தேகம். கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். கேமராவின் கண்ணாடியைத் துடைத்தாள். தாங்கியின் உயரத்தை மாற்றினாள். பிறகு சியோலில் இருக்கும் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினாள். போங் என்றொரு தொழில்நுட்பக்காரர் முதல் ரயிலைப் பிடித்து வந்தார். தானே தாடையை வைத்து எட்டு வாக்கியம் படித்தார். பாவம், அவருக்கு ஆங்கிலம் சுமார்தான், புள்ளிகள் மழை பெய்தது மாதிரி திரையெங்கும் விழுந்தன. ஒவ்வொரு சொல்லிலும் முட்டி மோதி வியர்த்துவிட்டார். இயந்திரம் கல்லுமாதிரி இருக்கிறது, கோளாறு இருந்தால் அது வந்தவர்கள் கண்ணில்தான் என்று சொல்லிவிட்டு, வந்ததற்கான கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குமேல்தான் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள். பதினெட்டிலிருந்து நாற்பத்தெட்டு வரைக்கும் அத்தனையும் அரட்டைக் குழுவிலிருந்து வந்த பிள்ளைகள். குக் சேபோமைக் கூப்பிட்டு அனுப்பினாள். பயிற்சி நிலையத்தில் நாலு வருடத்துக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தவள், இப்போது மருந்தியல் மாணவி, பக்கத்துக் கட்டடத்தில்தான் வகுப்பு. பத்து நிமிடத்தில் ஓடி வந்தாள். ஹேரான் அவளுடைய பதிவையே அவளுக்குப் போட்டுக் காட்டினாள்.

"டீச்சர், நான் எல்லாம் சரியாத்தானே போட்டேன்?" அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"எழுபத்திரண்டுல எழுபத்தொண்ணு. அது கிடக்கட்டும். இங்க பாரு, இந்த நடுப்பகுதியில உன் கண்ணு ஒரு தடவைகூட நிக்கல. ஏன்?"

எதற்காக மூச்சு விடுகிறாய் என்று கேட்டது போல சேபோம் அவளைப் பார்த்தாள். "அதான் கட்டியாச்சே டீச்சர். கட்டினதை எதுக்குப் பார்க்கணும்?"

"எதைக் கட்டின? கையில பென்சில்கூட இல்லையே."

"மனசுக்குள்ள கட்டுவேன். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே." சேபோம் இரண்டு தடவை கையைத் தட்டினாள். "கட்டு, கடாசு."

அந்தக் கைதட்டலைக் கண்டுபிடித்தவளே ஹேரான்தான். கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு எழுபது நிமிடம், நாற்பத்தைந்து கேள்வி. ஒவ்வொரு வாக்கியத்தையும் உட்கார்ந்து ருசித்துக்கொண்டிருந்தால் பாதித் தாள் காலியாகத்தான் போகும். ஆளைப் பிடி, ஆள் செய்ததைப் பிடி, நடுவில் தொங்குகிற மூட்டையை அடைப்புக்குறிக்குள் கட்டு, கட்டியதைக் கடாசு. ஊரில் எல்லாப் பயிற்சி நிலையத்திலும் ஏறக்குறைய இதுதான் பாடம். அதைத் தாளம் போட்டுப் பிள்ளைகள் எலும்பில் ஏற்றியது மட்டும் ஹேரானின் கைவண்ணம். அறுபது பேர் ஒன்றாகக் கை தட்டினால் கீழ்த்தளத்துக் கோழிக்கறிக் கடைக்காரர் மேலே வந்து சண்டை போடுவார். பெற்றோர்கள் மட்டும் க்யூவில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

"பரீட்சை இல்ல, பரீட்சை இல்லன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. சாதாரணமா எப்படிப் படிப்பியோ அப்படிப் படின்னு சொன்னேனா இல்லையா?"

"சாதாரணமாவே அப்படித்தான் படிக்கிறேன்," என்றாள் சேபோம். முகத்தில் குழப்பம் தெரிந்தது. "வேற எப்படி டீச்சர் படிக்கிறது?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், பதிலுக்காகக் காத்திருந்தாள். ஹேரானுக்கு அவளை இரண்டு அறை அறையலாமா, தன்னையே அறைந்துகொள்ளலாமா என்று இருந்தது. கூப்பன் ஒன்றைக் கையில் திணித்து அனுப்பிவைத்தாள்.

இன்னொரு கூத்தும் அன்றைக்குத்தான் உறைத்தது. கேள்விகளை எழுதியவளும் அவள்தான். பதினோரு வருடப் பழக்கத்தில் நுழைவுத் தேர்வுக் கேள்விகளைப் போலவே எழுதித் தொலைத்திருந்தாள். யார், என்ன செய்தார், முடிந்தது. வயிற்றுக்குள் இருந்ததைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். கேட்கவில்லை. வாக்கியத்தின் வயிற்றைப் பற்றி எட்டு வருடம் ஆராய்ச்சி செய்தவள், வயிற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

நாம்குங்கிடம்தான் போனாள். மனிதர் ஓய்வுக்குத் தயாராகிப் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். நல்லவர்தான், கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மாணவர்களுக்குச் சோறு வாங்கிப் போடுவார், யாரையும் தன் வீட்டு வேலைக்கு அனுப்ப மாட்டார். ஆனால் நாற்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த மனிதருக்குக் கடைசி மாதத்தில் ஒரு தலைவலியும் வேண்டாம் என்று இருக்குமா இருக்காதா? ஹேரான் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்து, பொறுமையாக மூடி ஒட்டினார்.

"முப்பத்தொண்ணும் உன் பிள்ளைங்களா?"

"ஆமா சார். அவங்களைத் தூக்கிட்டா மிச்சம் பதினேழு."

பதினேழை வைத்துக்கொண்டு தேர்வுக் குழு முன்னால் நிற்க முடியாது என்றார். புது ஆள் தேடவும் நேரமில்லை, வியாழக்கிழமை ஆய்வேட்டை அனுப்பியாக வேண்டும். நாற்பத்தெட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் என்ன வருகிறது என்று கேட்டார். கொரியர்கள் அந்தப் பகுதியை எதிர்பார்த்ததைவிட வேகமாகப் படிக்கிறார்கள், தொண்ணூற்றாறு சதவீதம் சரியாகவும் புரிந்துகொள்கிறார்கள் என்று வருகிறது. அது பச்சைப் பொய் இல்லையா சார் என்றாள். கணக்கு எப்படிப் பொய்யாகும் என்றார்.

"பிள்ளைங்க படிக்கவே இல்லை சார். தாண்டிப் போயிருக்காங்க. நான்தான் தாண்டச் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

"அதை எழுதாதேன்னு நான் சொன்னேனா? எழுது. கட்டாயம் எழுது. ஆனா ஒரே வாக்கியத்துல எழுது. நீளமா. நடுவுல வை."

"எதுக்கு நடுவுல?"

நாம்குங் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதை உனக்கு நான் சொல்லித் தரணுமா? கண்ணு எங்க நிக்காதுன்னுதானே எட்டு வருஷமா பார்த்துக்கிட்டு இருக்க."

ஹேரான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் கோபம், சேபோம் மேல் கோபம், தாளம் தட்டிய தன் கைகள் மேல் கோபம். அம்மா வேறு போன் செய்து, பத்தொன்பதாம் தேதி என்ன உடுத்தப் போகிறாய் என்று கேட்டாள். எட்டு வருடமாக அம்மா சொந்தக்காரர்களிடம், அவள் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறாள். சாம்பல் நிறக் கோட்டு என்று ஹேரான் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

புதன்கிழமை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை எழுதினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எட்டு வருடத்தில் அவள் இவ்வளவு அக்கறையாக வேறெதையும் எழுதியதில்லை. ஆரம்பத்தில் இயந்திரத்தைச் சரிபார்த்த தேதியும் அறையின் வெளிச்ச அளவும். அதைப் பார்த்ததுமே படிக்கிறவருக்குக் கொட்டாவி வரும், கண் தாண்டுவதற்குக் காலைத் தூக்கும். கடைசியில் தொண்ணூற்றாறு சதவீதம். எண் எங்கே இருந்தாலும் கண் அங்கே ஓடும் என்பது அவள் பல நூறு தடவை பார்த்தது. அதனாலேயே முப்பத்தொன்று என்பதை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதினாள். நான் என்று எழுதாமல் 'இந்த ஆய்வாளர்' என்று எழுதினாள். படித்தவர்களில் முப்பத்தொரு பேர் இந்த ஆய்வாளரிடமே பயின்றவர்கள், இத்தகைய பகுதிகளைப் படிக்காமல் விட்டுவிடும்படி அவராலேயே பயிற்றுவிக்கப்பட்டவர்கள், அவ்வாறே விட்டும் இருக்கிறார்கள் என்பது முழுசாக, ஒரு எழுத்தும் மறைக்காமல், நட்டநடு வயிற்றில் உட்கார்ந்திருந்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணில் மண்ணைத் தூவுகிற வேலை என்று அவளுக்கு மட்டும் தெரியும். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது ஒரு கணம் பெருமையாக இருந்தது, உடனே அருவருப்பாகவும் இருந்தது.

பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் தேர்வு. நறுக்கிய முலாம்பழமும் பச்சைப் பிளம் சாறும் மேசையில் வைத்திருந்தாள். நாம்குங், துறையைச் சேர்ந்த மூன்று பேராசிரியர்கள், புசான் நகரத்திலிருந்து வெளித் தேர்வாளராக வந்த பியோ கியோங்கா. பியோவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு குறைவு, முலாம்பழத்தைத் தொடவில்லை. ஹேரான் அந்த வாக்கியத்தைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டிய பதில்களைப் பதினோரு விதமாகத் தயாரித்து, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்து வந்திருந்தாள்.

ஒருத்தர் கேட்டால்தானே. முதல் பேராசிரியர் நூற்பட்டியலில் ஓரத்து இடைவெளி ஒரே மாதிரி இல்லை என்றார். இரண்டாமவர் தன் மாணவப் பருவத்தில் இந்த வசதியெல்லாம் கிடையாது, கண்ணாடித் துண்டை வைத்துக் கண்ணைப் பார்த்தோம் என்று இருபது நிமிடம் பழைய கதை சொன்னார். மூன்றாமவர் வேகமாகப் படிக்கிறார்கள் என்ற முடிவு நாட்டுக்கே பெருமை, பத்திரிகைக்குச் சொல்லலாம் என்றார். ஹேரானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாம்குங் அவர் தட்டில் இன்னொரு துண்டு முலாம்பழத்தை வைத்தார். அந்த வாக்கியம் இருந்த எழுபத்து நான்காம் பக்கத்தை எல்லோரும் புரட்டினார்கள், எல்லோரும் எழுபத்தைந்துக்குப் போனார்கள். எட்டு வருடத்தில் அவள் செய்த பரிசோதனைகளில் எதிர்பார்த்தபடியே முடிந்தது இந்த ஒன்றுதான்.

அவளை வெளியே அனுப்பி ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். "வாங்க டாக்டர் ஹேரான்," என்றார் நாம்குங், மற்றவர்கள் கை தட்டினார்கள். ஒப்புதல் தாள் சுற்றி வந்தது. நாம்குங் சிவப்பு மையைத் தொட்டு முத்திரை வைத்தார். பிறகு அந்த மூவரும் வைத்தார்கள். தாள் பியோவிடம் வந்தது. பியோ முத்திரையை உறையிலிருந்து எடுத்து, மையைத் தொட்டு, கையை நிறுத்தினாள். ஒரு விஷயம் என்றாள். ஆறாம் அட்டவணையில் தசமப் புள்ளிக்குப் பிறகு சில இடத்தில் இரண்டு எண், சில இடத்தில் மூன்று எண் இருக்கிறது, சரிசெய்துவிடுங்கள் என்றாள்.

சரிசெய்துவிடுகிறேன் மேடம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை. ஒரு நொடி, சிவப்பாக ஒரு வட்டம், அம்மா பாத்திரம் கழுவப் போக வேண்டாம். ஆனால் ஹேரானுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யாரும் படிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதியவளுக்கு, யாரும் படிக்கவில்லையே என்று கோபம் வருவதில் என்ன நியாயம்? ஒரு நியாயமும் இல்லை. இருந்தாலும் வந்தது. மனிதர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று சொல்லியே சம்பளம் வாங்குகிற ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் நாலு பேருக்கு அவள் எழுதியதைப் படிக்கத் தோன்றவில்லை, ஐந்தாமவரான நாம்குங்குக்குப் படிக்கத் தேவையில்லை.

"மேடம்," என்றாள். "எழுபத்து நாலாம் பக்கம். மேலேருந்து மூணாவது வாக்கியம். அதைப் படிச்சுட்டு முத்திரை வைங்க."

மேடத்துக்கு ரயிலுக்கு நேரமாகிறது என்று நாம்குங் குறுக்கே விழுந்தார். பியோ முத்திரையை மைப்பெட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். ஹேரான் அவள் கண்களைப் பார்த்தாள். கேமரா தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தலையில் ஒரு நிறுத்தம், வாலில் ஒரு நிறுத்தம்.

"தேதி, வெளிச்சம், சதவீதம். இதுல என்ன?"

"நடுவுல, மேடம்."

பியோ மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சொல்லுக்குச் சொல் விரலை வைத்துப் படித்தாள். விரல் மெதுவாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது. மற்ற மூவரும் அவரவர் பிரதியைத் திறந்து தேட ஆரம்பித்தார்கள். எழுதித்தானே வைத்திருக்கிறாள், மறைக்கவில்லையே என்றார் பழைய கதை சொன்னவர். நாலு முத்திரை விழுந்தாகிவிட்டதே என்றார் பத்திரிகைக்குச் சொல்லலாம் என்றவர்.

பியோ விரலை எடுக்கவில்லை. "இந்த வாக்கியத்தை நீங்களா இப்படி எழுதினீங்க?"

"ஆமா மேடம்."

"பிரமாதமா எழுதியிருக்கீங்க. வீட்டுல ஒரு தடவை, இங்க ஒரு தடவை, ரெண்டு தடவை தாண்டிப் போயிருக்கேன்." பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. பதினேழு பேரை வைத்து இந்த முடிவை எழுத முடியாது, முப்பத்தொரு பேரை வைத்து எழுதக் கூடாது என்று அவள் பொதுவாக அறையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஹேரானைப் பார்த்தாள். "முப்பத்தொண்ணு இங்க வந்தவங்க. மொத்தமா எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தீங்க?"

அதை அவள் யோசித்ததே இல்லை. வகுப்புக்கு அறுபது, வருடத்துக்கு நாலு வகுப்பு, பதினோரு வருடம். இரண்டு வருடம் தொடர்ந்து வந்தவர்களைக் கழித்துப் பார்த்தாள். "ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கும்."

"அவங்கல்லாம் இப்ப என்ன பண்றாங்க?"

அரட்டைக் குழுவில் யார் எங்கே வேலைக்குப் போனாலும் உடனே தெரிந்துவிடும். வாழ்த்து மழை பொழிவார்கள், டீச்சர் உங்களால்தான் என்பார்கள். "விமானம் பழுதுபார்க்கிற இடத்துல ஒருத்தன் இருக்கான் மேடம். கையேடெல்லாம் இங்கிலீஷ்லதான் வருமாம். ஆஸ்பத்திரியில ஒன்பது பேர். மயக்க மருந்து குடுக்கிறவ ஒருத்தி. அணுமின் நிலையத்துல..."

இன்ன அளவுக்கு மேல் போகாதே, இன்ன வால்வைத் திறக்கும் முன் இன்னதை மூடு என்பதெல்லாம் ஆங்கில வாக்கியத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்று அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முலாம்பழத் தட்டை யாரும் தொடவில்லை.

"எட்டு வருஷம் உழைச்சவ," என்றார் நாம்குங், கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "எட்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு உட்கார முடியலையா உன்னால?"

பியோ முத்திரையின் நுனியில் இருந்த சிவப்பு மையைக் காகிதத்தால் சுத்தமாகத் துடைத்தாள். அதை உறைக்குள் போட்டு மூடினாள்.